வாகையை அறுக்க இரண்டு பேர்

பல் மருத்துவரின் வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கே மூன்று பேர் கூடி மரம் அறுப்பார்கள். மூவரில் ஒருவருக்கும் அது தொழில் அன்று. மருத்துவர் வாரம் முழுவதும் பிறர் வாய்க்குள் குனிந்திருப்பவர். இரண்டாமவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். மூன்றாமவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் நால்வராகச் சேர்ந்து அந்த அறுவை இயந்திரத்தை வாங்கினார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மரத்தைக் கிடத்தி, அதன் மேலாக ரம்பத்தைக் கையால் தள்ளிக்கொண்டு போகவேண்டிய சிறிய இயந்திரம். சாலையோரம் யார் எந்த மரத்தை வெட்டிப் போட்டாலும் அது இவர்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால், இத்தனை பலகைகள் அறுத்தும் வீட்டுக்கு உருப்படியாக ஒரு முக்காலிகூட வரவில்லை என்பது மனைவிமார்களின் தீராத குறை.

நான்காமவர் தையல்காரர், மருந்துக்கடைக்காரரின் தங்கையை மணந்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். வருகிற விடுமுறையில் அவரைப் பார்க்கப் போவதுதான் அன்றைய பேச்சு. மருத்துவர் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பயணத் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பறோம்," என்றார்.

"நாலுன்னு எழுதுங்க, அழகா இருக்கும்," என்றார் ஓட்டுநர். "நீங்க பல் விளக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஊருக்கு உபதேசம் பண்ற பல்லாச்சே."

"நீங்க ஓட்டற லட்சணத்துக்கு நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் சாயங்காலமாவது போய்ச் சேரலாம். எவனாவது ரோட்டோரம் கை காட்டினா நிறுத்தி ஏத்திக்குவீங்க."

"அப்படி ஏத்திக்கறதெல்லாம் வெளியூர் டிரைவருங்க. கை காட்டினா நிறுத்தாமப் போறதுதான் எங்க டிப்போ வழக்கம்."

"முன் சீட்டு எனக்கு. சொல்லிட்டேன்."

"உங்களுக்கு முன் சீட்டா? குறட்டை விட்டா எனக்கு ஹாரன் சத்தமே கேக்காது. மாத்திரை, நீ முன்னாடி வந்துடு."

மாத்திரை என்பது மருந்துக்கடைக்காரருக்கு அவர்கள் வைத்த பெயர். அவர் ரம்பத்தின் பற்களிலிருந்து பிசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் பின்னாலயே இருந்துக்கறேன்," என்றார். "எங்க உக்காந்தா என்ன, போய்ச் சேர்ந்தாப் போதும்."

அவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது வெறும் பேச்சன்று. கடைக்கதவில் ஒட்டுவதற்கு 'நான்கு நாட்கள் விடுமுறை' என்று மூன்று வாரங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். தங்கை வீட்டு வாசலில் ஒருமுறை போய் நிற்கவேண்டும். உள்ளே வரச் சொன்னால் போகவேண்டும். அவ்வளவுதான் அவர் வேண்டியது. தொலைபேசியில் தங்கை அகப்படுவதில்லை. அகப்பட்டாலும், "அடுப்புல பால் பொங்குதுண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். பகல் மூன்று மணிக்கும் அவள் வீட்டில் பால் பொங்கிக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். மரத்தைப் புரட்டிப் போடுகிறவர் அதைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கவேண்டும்; அடுத்து நிற்பவர் அந்தக் கிளாம்பைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்க்கவேண்டும். இது அந்த நால்வரும் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி. ஓட்டுநர் இறுக்கினால் இரண்டு உதை, மருத்துவர் இறுக்கினால் மூன்று உதை என்பது அவர்களுக்குள் வேடிக்கை. மருந்துக்கடைக்காரர் இறுக்கியதை மட்டும் ஒருவரும் உதைத்துப் பார்த்ததில்லை. மாத்திரையை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணிப் பார்க்கிற மனிதர் இறுக்கியதைச் சோதிப்பது அவமரியாதை என்றே அவர்கள் கருதியிருந்தார்கள்.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அவர் மரத்தைப் புரட்டிவிட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவரிடம் எதற்கும் ஒரு மிருகக் கதை இருக்கும். அன்றைக்கு ஒரு மரங்கொத்தி, தலைவலி தாங்காமல் பல் மருத்துவரைத் தேடிப் போயிருந்தது. "அலகைத் திறங்க" என்று மருத்துவர் சொல்கிற இடத்தில், மரங்கொத்தியைப் போல் நடித்துக்காட்ட இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கிளாம்பின் திருகைப் பாதியில் விட்டுவிட்டு நடித்தார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல்காரர் சிரித்துக்கொண்டே, உதைக்காமல், கீழே கிடந்த மரச்சிம்பை எடுக்கக் குனிந்தார். மரம் உருண்டு அவர் கைமேல் விழுந்தது. அவருடைய இடக்கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. மரங்கொத்திக்கு மருத்துவர் என்ன பதில் சொன்னார் என்பதை அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

"நம்ம தையல் மாஸ்டருக்குப் போனைப் போடுவோம்," என்றார் மருத்துவர். "திடுதிப்புன்னு போய் நின்னா வீட்டுல என்ன நினைப்பாங்க." கைப்பேசியை மரக்கட்டையின் மேல் வைத்து, மூவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"யாரு, பல்லைப் பிடுங்கறவரா?" தையல்காரரின் குரல் பழையபடியே இருந்தது.

"நானேதான். எப்படி இருக்கீங்க மாஸ்டர்?"

"எங்க அண்ணன் கடையில உக்கார வெச்சிருக்காங்க. அளவெடுக்கலாம்னா டேப்போட அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆளில்ல. அதனால பார்த்ததுமே சொல்லிடறேன், இடுப்பு நாப்பத்திரண்டுன்னு. பாதிப் பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிடறாங்க."

"நம்ம டாக்டருக்குச் சொல்லுங்க பார்ப்போம்," என்றார் ஓட்டுநர்.

"அவருக்கு ரெண்டு டேப்பை முடிச்சுப் போடணும்."

ஓட்டுநர் உரக்கச் சிரித்தார். மருந்துக்கடைக்காரரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார். ஏழு மாதங்களில் அவர் சிரித்ததை அப்போதுதான் மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"உங்க வீட்டு வாகை மரம் எப்படி இருக்கு மாஸ்டர்?" என்றார் மருத்துவர்.

"என்னை மாதிரிதான், வேலையத்துப் படுத்துக்கிடக்கு. புயல்ல விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரர் விறகுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார். நம்ம ஆளுங்க வருவாங்கன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்."

'நம்ம ஆளுங்க' என்ற சொல்லைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசிக்கு அருகே வந்து நின்றார்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்," என்றார் மருத்துவர். "மெஷினையும் கட்டி இழுத்துக்கிட்டு வர்றோம். லீவு நாலு நாளும் உங்க வீட்டுலதான் டேரா. மூணு பேருக்குப் படுக்கை போட்டு வைங்க."

மறுமுனையில் ஒரு தையல் இயந்திரம் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

"மூணு பேரா," என்றார் தையல்காரர். பிறகு, "மச்சான் பக்கத்துல இருக்காரா?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் மருத்துவரைப் பார்த்து, இல்லை என்று சொல்லும்படி கையை அசைத்தார். மைத்துனரின் மனத்தில் இருப்பதை ஒருமுறை அப்படியே கேட்டுவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். மருத்துவர் தயங்கினார். கை மறுபடியும் அசைந்தது.

"இல்ல. கடைக்குப் போயிட்டார்."

"அப்பச் சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க டாக்டர். வாகையை அறுக்க ரெண்டு பேர் போதும். அவரைக் கூட்டிட்டு வராதீங்க."

"கோவமா மாஸ்டர்?"

"கோவமா இருந்தாத் தேவலையே. நாலு வார்த்தை திட்டிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில பதினோரு நாளும் வந்தார். வந்து கட்டில் ஓரமா நின்னுக்கிட்டுக் கட்டுப்போட்ட கையையே பார்ப்பார். அழுவார். 'விடுங்க மச்சான், விடுங்க மச்சான்'னு நான் தேத்தணும். வலியில கிடக்கறதும் நானு, தேத்தறதும் நானு. இங்க வந்து கொஞ்சம் கொஞ்சமாப் பழகியிருக்கேன். ஒத்தைக் கையால சட்டைப் பொத்தான் போட்டுக்கறேன். அவர் வந்தா முதல்ல இந்தக் கையைத்தான் பார்ப்பார். அவர் பார்க்கறப்பதான் எனக்குக் கை போனது தெரியுது."

மருத்துவர் கைப்பேசியை எடுத்து அணைத்துவிடலாமா என்று பார்த்தார். மருந்துக்கடைக்காரரின் விரல்கள் அதன் விளிம்பில் இருந்தன.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா. போன் வந்தாப் பேசாதேன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். அவ பாவம், ஒவ்வொரு தடவையும் பால் மேல பழியைப் போட்டுட்டுச் சமையல்கட்டுல போய் உக்காந்துக்கறா."

"என்னைக்காவது ஒருநாள்..."

"தெரியல டாக்டர். வரும்னு சொல்லி உங்களை ஏமாத்த விரும்பல. தேதி மாறிடுச்சு, ஏதோ ஒண்ணு, மனசு நோகாமச் சொல்லிடுங்க. அவர் நல்லவர்தான். சரி, வீட்டுல அவ மரத்தைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கா, அனுப்பறேன். முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு பார்த்துட்டு வாங்க."

பேச்சு முடிந்தது. ஓட்டுநர் எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்து மறுபடியும் மூடினார்.

"அந்த லீவுல எனக்கு ஸ்டாக் எடுக்கற வேலை இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

"கடையையே மூடறதாத்தானே எழுதி..." என்று தொடங்கிய ஓட்டுநர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"நாங்களும் போகல," என்றார் மருத்துவர். "அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம். அதுக்குள்ள அவர் மனசு..."

"போங்க டாக்டர். நீங்களும் போகலைன்னா அந்த வாகை விறகாயிடும். நம்ம ஆளுங்கன்னு சொல்லிக்க அவருக்கும் ரெண்டு பேராவது வேணும்."

அவர் சொன்னதை எளிதில் ஒப்புக்கொண்டதற்காக அவர்கள் தங்களுக்குள் கூசினார்கள். ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

படம் வந்தது. மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார். மரத்தின் முறுக்கைப் பார்த்து எங்கே முதல் அறுப்பு விழவேண்டும் என்று சொல்லக்கூடியவர் அந்த மூவரில் அவர் ஒருவரே. அவர் நாட்காட்டித் தாளை வாங்கி, பயணத் திட்டத்துக்குக் கீழே ஒரு வட்டம் போட்டார்.

"வேர்ப்பக்கத்துல ஆரம்பிக்காதீங்க. தலைப்பக்கத்துலேர்ந்து வாங்க. புடைச்ச இந்த வயிறு மேல வர்ற மாதிரி புரட்டிக்கணும். மெல்லிசா அறுத்துடாதீங்க, காய்ஞ்சா முறுக்கும். ரெண்டு அங்குலம் வைங்க. வளையத்துக்கு நடுவுல இருக்கற கண்ணை ஒரே பலகைக்குள்ள விட்டுட்டு, அந்தப் பலகையைத் தள்ளிடுங்க."

ஓட்டுநர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நானாக் கண்டுபிடிச்சேன்னு சொன்னா மாஸ்டர் நம்பமாட்டாரே," என்றார் மருத்துவர். சொன்ன பிறகு அது வேடிக்கையாக இல்லை என்பதை உணர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கயாவது படிச்சதாச் சொல்லிடுங்க. அப்புறம், அறுக்கறப்ப அவரை மெஷின் பக்கத்துல நிக்க விடாதீங்க. ஒரு நாற்காலியைப் போட்டு..." அவர் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "இல்ல, அது வேண்டாம். அவர் நிக்கணும்னா நிக்கட்டும். ஒண்ணும் சொல்லாதீங்க."

வட்டத்துக்குள் கோடுகளைப் போட்டு முடித்தார். அளவைச் சரிபார்க்க மறுபடியும் படத்தைப் பெரிதாக்கினார். மரத்தின் முறுக்கிய அடி, வெட்டுப்பட்ட வேர்கள், பட்டை உரிந்த ஓர் இடம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன. படத்தின் கீழ் ஓரத்தில், வெயிலில், படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. ஒல்லியான ஒரு பெண்ணின் நிழல்; காற்றில் பறக்கும் கூந்தலோடு, இரண்டு கைகளாலும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தது.

அவர் விரல் அங்கே நின்றுவிட்டது.

வெகுநேரம் ஆகியும் அவர் நிமிராததால் ஓட்டுநர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மரம் அந்தப் பக்கம் இருக்கு," என்றார் மெதுவாக.

"தெரியும்," என்றார் அவர். படத்தை நகர்த்தவில்லை.