காஜுவுக்குப் போட்ட மருந்து

தினமும் விடிந்ததும் கெமிரெம்பேயின் முதல் வேலை, போர்வையை விலக்கிப் புருஷனின் இடது பாதத்தைப் பார்ப்பது. அடுப்பு, மாடு, கோழி எல்லாம் அப்புறம்தான். விரல் நுனியில் புது இரத்தம் இல்லையென்றால் அன்றைக்குக் கஞ்சி தொண்டையில் இறங்கும். இருந்துவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

அவள் புருஷன் கட்டுங்கி, ருஷேரே ஊர்ப் பக்கத்தில் பேர் போன மாட்டுக்காரன். அவன் ஒரு சத்தம் போட்டால் அடுத்த குன்றில் மேய்கிற நீளக்கொம்பு மாடுகள் தலை தூக்கும். அப்பேர்ப்பட்ட ஆளைப் பக்கவாதம் ஒரே காலைப் பொழுதில் சாய்த்துப் போட்டுவிட்டது. இடது கையும் இடது காலும் மரத்துப் போயின. வாய் கோணிப் பேச்சு குழறியது. ஏற்கெனவே சர்க்கரை வேறு. மந்தையைத் தம்பிக்காரன் ஓட்டிக்கொண்டு போய்த் தன் மாடுகளோடு சேர்த்துக்கொண்டான். வீட்டுப் பாலுக்கு என்று இரண்டு பசுக்களை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்தான். ஒரே மகன் கிடியன் தலைநகர் கம்பாலாவில் வண்டி ஓட்டுகிறான். போன் செய்வான், வரமாட்டான்.

இதெல்லாம் போதாதென்று எலி வந்தது. எந்தக் காலில் உணர்ச்சி இல்லை என்பது அந்தச் சனியன்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ! கட்டுங்கி தூங்கும்போது இடது கால் விரல்களை மட்டும் தேடி வந்து கொறித்தன. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கெமிரெம்பே அதே கட்டிலில் அவன் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். ஆனால் பகல் முழுக்க ஒண்டியாக மாடு பார்த்து, வாழைத் தோப்பில் குனிந்து நிமிர்ந்து, ஒரு கனத்த ஆம்பிளையைத் தூக்கிப் புரட்டித் துடைத்த உடம்பு. படுத்தால் பிணம்தான். காலையில் விரிப்பில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் தெரியும்.

காலுறை போட்டாள், காலுறையைக் கடித்தன. கெட்டித் துணி சுற்றினாள், அதையும் கடித்தன. பொறி வைத்தாள், ஒன்று மாட்டியது, மற்றவை பொறியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. விஷம் வைத்ததில் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி செத்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை எலி வாய் வைத்தால் இந்தக் கால் தாங்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான், இந்த உடம்புக்கு அதற்கப்புறம் ஆள் மிஞ்சுவதும் சந்தேகம்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்துத் தோட்டத்து ஜோவனிஸ் மூடிபோட்ட கூடையில் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுப் பூனை போட்டது. அப்போதுதான் பால் மறந்திருந்தது. எலி பிடிக்கிற வயசெல்லாம் இன்னும் வரவில்லை, ஆனால் பூனை வாடை இருந்தால் போதும், எலி அந்தக் கட்டில் பக்கமே தலைவைக்காது என்று ஜோவனிஸ் சொன்னாள். உள்ளங்கையளவு இருக்கிற இதைப் பார்த்தா எலி பயப்படும் என்று கெமிரெம்பேக்கு நம்பிக்கையே வரவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன வழி இருந்தது?

கட்டுங்கியின் நெஞ்சில் குட்டியை விட்டாள். படுத்த நாளிலிருந்து தண்ணீருக்கும் மூத்திரத்துக்கும் தவிர வாய் திறக்காதவன், வலது கையால் அதைத் தூக்கிப் பிடித்து, சந்தையில் கன்று பார்ப்பது போலக் காது, பல், வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெளிர்ப்பழுப்பு நிறம். அந்த நிறத்துப் பசுவுக்கு அவர்கள் பக்கம் வைக்கிற பேர் காஜு.

"காஜு," என்றான். பிறகு யோசித்துவிட்டு, "மடிதான் சின்னது," என்றான்.

கெமிரெம்பே சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்ச் சமையல் கொட்டகையில் நின்று அழுதாள்.

ஜோவனிஸ் சொன்னது பலித்தது. காஜு அந்த உணர்ச்சியில்லாத பாதத்தை ஒட்டியே சுருண்டு படுத்தது. கூரையில் எலி ஓடுகிற சத்தம் குறைந்தது, பிறகு நின்றே போனது. ஒவ்வொரு காலையும் போர்வையை விலக்கினால் பாதம் காய்ந்து சுத்தமாக இருந்தது. புண் வறண்டு பொருக்குத் தட்டியது. நர்ஸே வியந்து போனாள். கட்டுங்கி, பாலில் குட்டிக்குப் பங்கு வைத்தாயா என்று பெண்டாட்டியை விசாரிக்க ஆரம்பித்தான். வீட்டில் பேச்சு திரும்பி வந்தது.

அப்புறம்தான் தெள்ளுப்பூச்சி தெரிந்தது. ஒருநாள் காஜுவின் வயிற்று ரோமத்தை விலக்கிப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பு. ஈரத் துணியால் துடைத்தாள், துணி சிவந்தது. அத்தனையும் பூச்சி உறிஞ்சிக் கழித்த இரத்தம். காதுக்குப் பின்னால், கழுத்தில், கண்ணோரத்தில் என்று சாரை சாரையாக ஓடின. விரலால் அமுக்கப் போனால் துள்ளி விரிப்பில் விழுந்தன. விரிப்பில் விழுந்தவை கட்டுங்கியின் மேல் ஏறின. வலது விலாவும் தொடையும் தடித்துத் தடித்துச் சிவந்தன. நல்ல கை ஒன்றுதான், அது எட்டுகிற இடம் கொஞ்சம்தான். எட்டாத இடத்தை அவள்தான் சொறிந்துவிட வேண்டும்.

"எலி கடிச்சது தெரியல. இது கடிக்கிறது மட்டும் நல்லாத் தெரியுது," என்றான். ஆனால் குட்டியைக் கீழே விடு என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

கெமிரெம்பே சும்மா இருக்கவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். குட்டி கத்திய கத்தலில் கோழிகள் ஓடின. வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றாள். போர்வைகளைக் கொதிக்க வைத்தாள். மண் தரை வெடிப்புகளில் சாம்பலைக் கொட்டி அடைத்தாள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். அந்த மண் தரைக்குள் முட்டை இருந்ததோ என்ன எழவோ, மூன்றாம் நாள் பழையபடி கறுப்பு. இதற்குள் குட்டி துவண்டுவிட்டது. பாலை வைத்தால் முகர்ந்துவிட்டுப் படுத்தது. ஜோவனிஸ் வந்து அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. இரத்தம் பூராவும் பூச்சிக்குப் போகிறது, போன ஈற்றில் தன் வீட்டில் இரண்டு குட்டி இப்படியேதான் போயிற்று என்றாள். கெமிரெம்பே மனசுக்குள் கணக்குப் போட்டாள். காஜு போனால் எலி வரும். எலி வந்தால் கால் போகும். கால் போனால் என்ன ஆகும் என்பதை நர்ஸ் சொல்லியாயிற்று.

கடைத்தெருவில் கால்நடை மருந்து விற்கிற கடைக்குப் போய்ப் பூனைக்கு மருந்து கேட்டாள். உள்ளே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனையா, எத்தனை லிட்டர் கறக்கிறது என்று ஒருவன் கேட்டான். கடைக்காரனும் சிரித்துவிட்டு, மாட்டு மருந்துதான் இருக்கிறது, பூனைக்கு என்றால் ம்பராரா டவுனுக்குத்தான் போக வேண்டும் என்றான். ம்பராராவுக்குப் போய்வர ஒரு பகல் முழுசும் வேண்டும். படுத்திருக்கிறவனை யார் புரட்டிப் போடுவது? கிடியனுக்குப் போன் போட்டாள். அடுத்த வாரம் பார்க்கிறேன்மா என்றான். பூனைக்கு மருந்து என்றதும் அவன் குரலிலும் ஒரு சிரிப்பு இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டுங்கியிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உண்ணி மருந்து எங்க இருக்கு?" என்றான்.

கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, மந்தை இருந்த காலத்து மிச்சம். மாட்டுக்கு மருந்தடிப்பது அவர்கள் பக்கம் ஆம்பிளை வேலை. பெண்கள், பால் கெடாமல் இருக்கக் குடுவையைக் கழுவிப் புகை காட்டுவதோடு சரி. இத்தனை வருஷத்தில் கெமிரெம்பே அந்தப் புட்டியின் மூடியைக்கூடத் திருகியதில்லை. இது பூனையாயிற்றே என்று தயங்கினாள். மாடு மேலெல்லாம் மருந்தோடு நின்றுகொண்டு தன் கன்றையே நக்குகிறது, ஒன்றும் ஆவதில்லை, உண்ணி மட்டும்தான் சாகும் என்று அவன் குழறிக் குழறி விளக்கினான். பேசப்பேச அவன் முகமே மாறிவிட்டது. படுக்கையில் விழுந்தபிறகு தனக்குத் தெரிந்த ஒன்றை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை.

புட்டியில் அளவு அச்சடித்திருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் படிக்கப் பார்த்தாள்.

"அதப் பாக்காத," என்றான். "அது எழுதுனவனுக்கு நம்ம ஊரு உண்ணியத் தெரியாது. நாங்க ஊத்துற அளவு நான் சொல்றேன், ஊத்து."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பக்கத்து உண்ணிகளுக்கு மருந்து பழகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அச்சடித்த அளவுக்கு ஊற்றினால் உண்ணி சுகமாகக் குளித்துவிட்டுப் போகும் என்று மாட்டுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆளாளுக்கு ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக ஊற்றுவார்கள். அதுவே ஊர் அளவாகிவிட்டது. கட்டுங்கிக்குத் தெரிந்த அளவு அதுதான். பூனைக்கு அந்த மருந்தில் ஒரு சொட்டுகூட ஆகாது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. அங்கே யார் பூனைக்கு வைத்தியம் பார்த்தார்கள்?

குட்டியை அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். சின்ன உயிராயிற்றே என்று அவள் அவன் சொன்னதில் பாதிதான் தண்ணீரில் ஊற்றினாள். அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். துணியை முக்கி, தலையிலிருந்து வால்வரை ரோமத்தை எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. விரிப்பெல்லாம் செத்துக் கிடந்தன. கட்டுங்கி ஒரு விரலால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தான்.

"பாத்தியா," என்றான். கோணின வாயோடு அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் மனசு நிறைந்தது.

காஜு உட்கார்ந்து தன் உடம்பை நக்கிக்கொண்டது. பிறகு வாயில் நுரை தள்ளியது. கசக்கிறது போல என்று இருவரும் நினைத்தார்கள். காது துடித்தது. முதுகு நடுங்கியது. குளிருகிறது என்று சொல்லிக் கட்டுங்கி தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். போர்வைக்குள்ளே நடுக்கம் நிற்கவில்லை. கால் நான்கும் விறைத்து, தலை பின்னுக்கு வளைந்து, அவன் நெஞ்சின் மேலேயே வெட்டி வெட்டி இழுத்தது.

கெமிரெம்பே குட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவினாள். விஷம் முறியும் என்று பாலைப் புகட்டினாள். பால் மூக்கு வழியாக வந்தது. அடுப்பருகே வைத்துத் துடைத்தாள். ஜோவனிஸைக் கூப்பிட்டாள். ஜோவனிஸ் மருந்து வாடையை முகர்ந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குட்டி உடனே சாகவுமில்லை. இழுப்பு வரும், விடும், கண்ணைத் திறந்து இவர்களைப் பார்க்கும், மறுபடி வரும். உள்ளேயிருந்து கட்டுங்கி என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வெயில் சாயும்போது எல்லாம் நின்றது.

அவள் உள்ளே போய் நின்றாள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"மாட்டத் தவிர இந்த உலகத்துல உங்களுக்கு என்னங்க தெரியும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் நல்ல கையால் விரிப்பில் எஞ்சியிருந்த செத்த பூச்சிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, ஊத்தச் சொன்னது நான், உன்மேல ஒண்ணும் இல்ல என்றான். அதுவும் குழறலாக வந்தது. இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பாதி அளவு ஊற்றியதை அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். வேறு குட்டி இருக்கிறதா என்று ஜோவனிஸிடம் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டாள். எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, தாய்ப்பூனை இனி எப்போது போடுமோ தெரியாது என்றாள் ஜோவனிஸ். அப்படியே கிடைத்தாலும் இந்தக் கட்டிலில் இப்போது எதையும் விடாதே அக்கா, விரிப்பிலும் தரையிலும் மருந்து ஊறிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். கெமிரெம்பேயிடம் வேறு விரிப்பு இல்லை. இருந்ததைத் துவைத்துப் போட்டாள், ஈரம் காயவில்லை.

பொழுது இறங்கியது. கட்டுங்கிக்குக் கஞ்சி ஊட்டினாள். நாலு வாய்க்கு மேல் அவன் வாங்கவில்லை. கூரை மேல் ஓர் ஓட்டம் கேட்டது. இன்னொன்று அதன் பின்னாலேயே ஓடியது. இருவருக்கும் கேட்டது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் இடது பாதத்துக்கு இருக்கிற துணியையெல்லாம் எடுத்துச் சுற்றினாள். பிறகு தன் தலையணையை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுத் திரும்பிப் படுத்தாள். அந்தப் பாதத்தைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"தலைய அங்க வைக்காத," என்றான் கட்டுங்கி. "காதக் கடிச்சிரும்."

"கடிக்கட்டும்," என்றாள். "எனக்கு வலிக்கும்ல, முழிச்சுக்குவேன்."