மகதலேனா என்ற மீன்

மீன் என்றாலே எனக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் குழம்பு வைக்கிறேன், சட்டியை வழித்தும் சாப்பிடுகிறேன். எனக்கு ஆகாதது ஒரே ஒரு மீன்தான். அது என் பிள்ளையின் பெயரைத் தின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் கிரிகரிக்கு மியூசியத்தில் படம் வரைகிற வேலை. அங்கே பெரியவராக இருந்த வெள்ளைக்காரத் துரை கொண்டுவரும் பறவை, பாம்பு, மீன் எல்லாவற்றையும் ஒரு செதில் பிசகாமல் வரைவார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் பக்கம் குடியிருந்தோம். மூத்தவள் மகதலேனா மூன்று வயதில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது என் வயிற்றில் அடுத்தது.

அந்த வருஷம்தான் துரையும் இவரும் டெங்கில் பக்கம் சதுப்புக்காட்டுக்குப் போனார்கள். பால் விடாத கடுந்தேத்தண்ணி மாதிரி கறுத்த தண்ணீரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன். வாலடியில் ரத்தச் சிவப்பாய் ஒரு பொட்டு. துரை புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். பொட்டு வைத்த மீன் எதிலும் இல்லை. "இது புது இனம், கிரிகரி. முதலில் பார்த்தது நீ. பெயரை நீயே சொல்" என்றாராம்.

இவர் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"மகதலேனான்னு சொல்லிட்டேன் ரோசலின்! லத்தீன்ல எழுதிடுவாங்க. உலகம் இருக்கிறவரைக்கும் புள்ள பேரு இருக்கும்!"

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்ததும் பெண். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பதுதான் எங்கள் குடும்ப வழக்கம். என் மாமியார் பெயரே அப்படி வந்ததுதான். இவர் கேட்டால்தானே!

"அத மீனுக்குக் குடுத்தாச்சு. ஒரு பேரை ரெண்டுக்கு வைக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

"மியூசியத்துச் சட்டத்தை எதுக்கு என் தொட்டிலுக்குக் கொண்டாறீங்க?"

காட்டுக் கத்தல் கத்தினேன். மனுஷன் அசையவில்லை. ஞானஸ்நானத்தின்போது சாமியார் பெயர் கேட்டதும் "ஜோசஃபின்" என்றார். தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்று.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம் சீமையிலிருந்து பதில் வந்தது. ஸ்பிரிட் புட்டியில் போட்டு அனுப்பிய மீனை அங்கே பழைய மீன்களோடு வைத்துப் பார்த்தார்களாம். புதுசு இல்லையாம். யாரோ ஓர் ஒல்லாந்துக்காரன் போர்னியோவில் பிடித்து, எப்போதோ பெயர் வைத்துவிட்டானாம். ஸ்பிரிட்டில் கிடந்தால் சிவப்பு வெளுத்துப்போகும். வெளுத்த மீனைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதியவனுக்குப் பொட்டு எங்கே தெரியும்?

"அப்ப நம்ம புள்ள பேரு?" என்று கேட்டேன்.

"அடிச்சிட்டாங்க. முன்னாடி வெச்ச பேருதான் நிக்கும்."

அன்று சாயங்காலம் ஜோசஃபினை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"வீட்டுல மட்டும் இவளை மகதலேனான்னு கூப்பிடுவோமா?"

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என் வாய் எப்படி ஏங்கிக் கிடந்தது! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"இவளுக்குத்தான் பேரு இருக்கே. முன்னாடி வெச்ச பேருதான் நிக்கும். உங்க சட்டம்தானே?"

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும்தான்.