ஒருபோகம், இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு

பெட்டியைப் பிரிக்கும் உரிமை அனுசுயாவுக்கே உரியது என்று அங்கிருந்த அத்தனை பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் கைப்பையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்து, ஒட்டியிருந்த நாடாவை நேர்கோட்டில் வெட்டி, வெட்டிய துண்டைச் சுருட்டிக் கூடையில் போட்ட பிறகே மூடியைத் தூக்கினாள். உள்ளே இரண்டு கறுப்பு இசைத்தட்டுகளும் ஒரு புத்தகமும் ஒரு கடிதமும் இருந்தன. புத்தகத்தின் அட்டையில் அவளுடைய தம்பி சங்கிலி, மைக்கின் கழுத்தை நெரிப்பவனைப்போலப் பிடித்துக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் நின்றிருந்தான். அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

உத்தமபாளையத்தில் தங்கப்பாண்டியின் திராட்சைக் கொட்டகைக்கு மேலே ஒரு நீண்ட மாடி அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்பதால் கீழே பழம் அடுக்கும் வேலை இல்லை. சங்கிலியின் பாட்டுக்கு ரசிகர்களான பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே மலையை மேகம் மூடிக் கிடந்தது. மழை வரவுமில்லை, விலகவுமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ‘மதகு’ என்றொரு ராக் இசைக்குழு நடத்தினார்கள். தண்ணீர் பிந்தி வந்து ஒரு போகம் மட்டுமே விளைந்த ஆண்டில் மதுரைக்குப் போய் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து, அந்தத் தொகுப்புக்கு ‘ஒருபோகம்’ என்று பெயர் வைத்தார்கள். எட்டையும் பாடியவன் சங்கிலி. கேசட் வெளிவந்த எட்டாம் மாதம் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அவன் இறந்தான். குழு கலைந்து போயிற்று. கேசட் மட்டும் டிராக்டர்களிலும் டீக்கடைகளிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு, கிட்டார் வாசித்த ராக்கையாவின் வீட்டுப் பரணில் மதுரையில் பதிந்த மூலநாடா அகப்பட்டது. சென்னையிலிருந்த ஓர் இசை நிறுவனம் அதை வாங்கி, வெள்ளிவிழாவுக்காக ஆடம்பரப் பதிப்பு ஒன்று கொண்டுவர முனைந்தது. மாதிரிக்கு ஒரு பாட்டை இணையத்தில் விட்ட அன்றே சண்டை மூண்டது. அது சங்கிலியின் குரலே இல்லை என்றார்கள் பழைய ரசிகர்கள். நிறுவனம் சங்கடப்பட்டு, இந்த மாதிரிப் பெட்டியை அனுப்பி, முடிவை இறந்தவனின் அக்காளிடம் விட்டிருந்தது.

“வேகத்தக் கூட்டிப்புட்டான்க்கா,” என்றான் தங்கப்பாண்டி. சங்கிலியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தலை நரைத்தும் அந்தப் பெருமை நரைக்கவில்லை. “மெட்ராஸ்காரனுக்கு எல்லாமே வெரசா முடியணும். சங்கிலி கொரலு எப்பிடி இருக்கும்? கெணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும். இவன் என்னடான்னா அவன எட்டாங்கிளாஸ் பயலாக்கி வச்சிருக்கான்.”

“மூலநாடால இருக்கிறதுதாண்ணே இது,” என்றாள் மகாலட்சுமி. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள்; இசைத்தட்டை ஓட்டும் பெட்டியை அவள்தான் கொண்டுவந்திருந்தாள். “நீங்க கேட்டுக்கிட்டு இருந்ததுதான் களி கிண்டுற மாதிரி இழுவையா இருக்கு.”

“களியா? ஏத்தா, அப்ப நீ பெறந்தே இருக்க மாட்ட.”

“நாலாங்கிளாஸ் படிச்சேன். எங்கப்பா டிராக்டர்ல உங்க கேசட்டுத்தான் ஓடும். தொழுவத்துல மாடு ரெண்டும் தூங்கிரும்.”

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. தங்கப்பாண்டியும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே இன்னும் கோபப்பட்டான். “அக்கா கேட்டுச் சொல்லட்டும். அவுக ரத்தம். அவுகளுக்குத் தெரியாததா?”

நீதிமன்றத்தின் நகல் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை செய்பவள் அனுசுயா. மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரல் ஓட்டி ஒப்பிட்டு, பிசகில்லை என்று கண்ட பிறகே கையெழுத்திடுவாள். ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவள் என்று ஊரில் பெயர். தம்பியின் குரலை ஒப்பிட்டுச் சொல்வது தனக்குப் பெரிய காரியமாக இருக்காது என்றுதான் அவளும் நினைத்து வந்திருந்தாள். ஆண்டுதோறும் அவன் இறந்த நாளில், விளக்கேற்றிய கையோடு அந்தக் கேசட்டைப் போட்டு இரு பக்கமும் கேட்பது அவள் வழக்கம்.

மகாலட்சுமி இசைத்தட்டை வைத்து முள்ளை இறக்கினாள்.

முதலில் டிரம் அதிர்ந்தது. கிட்டார் வந்து சேர்ந்தது. பின்னர் ஒரு குரல், மெல்லியதாக, உச்சத்தில் சற்றே கீறலோடு, ஓடி வந்து மூச்சிரைப்பதைப்போலப் பாடத் தொடங்கியது. சொற்கள் அவளுக்கு மனப்பாடம். இடைவெளிகள் மனப்பாடம். பாடுகிறவன்தான் யாரோ. அனுசுயா கண்ணை மூடி, வீட்டில் அவன் சோறு கேட்ட குரலையும், கதவைத் தட்டி அழைத்த குரலையும், காய்ச்சலில் முனகிய குரலையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். சோற்றுத் தட்டு வந்தது, கதவு வந்தது, போர்வை வந்தது. அவன் வாயைத் திறந்தான். கேசட்டின் கனத்த குரல்தான் வெளியே வந்தது. பத்து வயதுச் சங்கிலியும் அந்தக் குரலில்தான் பேசினான்.

முள் நகர்ந்து, பாட்டுகளுக்கிடையே பதிவுக்கூடத்தில் பேசிய பேச்சு வந்தது. பழைய கேசட்டில் இல்லாத பகுதி அது.

“இன்னொருக்கா பாடவா? தொண்ட கம்முது. சுக்குக் காப்பி இருந்தாக் கொண்டாங்களேன்,” என்றான் ஒரு பையன். பின்னால் எவரோ சிரித்தார்கள்.

எல்லா முகங்களும் அவளை நோக்கித் திரும்பின. அது பாட்டல்ல, வெறும் பேச்சு. கூடப் பிறந்தவளுக்கு அடையாளம் தெரிந்தே ஆக வேண்டிய பேச்சு. பேருந்தில் பக்கத்து இருக்கையில் கேட்டிருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அவள் மெல்லத் தலையசைத்தாள். எதற்காக அசைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது கடைசி நாற்காலியில் இருந்த கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றி எழுந்தார். சின்னச்சாமி, ஒரு காலத்தில் பேருந்து நிலையத்தருகே கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர். ‘ஒருபோகம்’ கேசட்டுகளை எல்லாம் அடித்துக் கொடுத்தது அவர்தான்.

“இம்புட்டு நாளு நான் வாயத் தொறக்கல,” என்றார். “அந்தப் புள்ள மகாலச்சுமி சொல்றதுதேன் நெசம். தப்பு எம்மேல.”

“என்ன மாமா சொல்றீக?” என்றான் தங்கப்பாண்டி.

“எங்கிட்ட ரெண்டு செட்டு இருந்துச்சு. ஒண்ணு பாடும், ஒண்ணு பதியும். பாடுற செட்டுல ரப்பர் பெல்ட்டு தொய்ஞ்சு போச்சு. மெதுவாத்தேன் ஓடுச்சு. மருதையில இருந்து புது பெல்ட்டு வரணும். வீரபாண்டித் திருவிழாவோ மறுநா. முப்பது கேசட்டு அன்னிக்கே வேணும்னு அஞ்சு பயலுகளும் கடையில குத்த வச்சிட்டானுக. இதப் போயி எவன் கண்டுபிடிக்கப் போறான்னு அடிச்சு விட்டுட்டேன்.”

“பெறகு பெல்ட்டு மாத்துனீகள்ல?”

“மாத்துனேன். ஆனா சனத்துக்கு அதுதேன் பிடிச்சுப்போச்சே. மூலத்தக் குடுத்துப்புட்டு, அந்த மெதுவான கேசட்டையே மாதிரியா வச்சுத்தேன் பெறகு அம்புட்டும் அடிச்சேன்.”

“இருவத்தஞ்சு வருசமா ஒரு ரப்பர் பெல்ட்டுக்கா நாம அழுதோம்?” என்றான் ஒருவன். சிரிக்க ஆளில்லை.

“சங்கிலிக்குத் தெரியுமா?” அனுசுயா அன்று பிற்பகல் பேசிய முதல் வார்த்தை அது.

சின்னச்சாமி அவளைப் பார்க்காமல் கைத்தடியைப் பார்த்தார். “தெரியும் தாயி. அன்னிக்கே தெரியும். மொத கேசட்டப் போட்டுக் கேட்டான். நான் கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அவன் சிரிக்கிறான். ‘இருக்கட்டும் மாமா, மாத்தாதீக. எங்கக்கா என்னையக் கீச்சான், கீச்சான்னு கூப்பிடுவா. இப்பக் கேக்கட்டும்’ன்னான்.”

சொல்லை அவள் மறந்திருக்கவில்லை. கோயில் மேடையில் அவன் முதன்முதலாகப் பாடிவிட்டு வந்த நாளில், தெருவே கேட்க, “ஏலே கீச்சான், நீ பாடுனா கோழிக்குஞ்சுன்னு நெனச்சுத் தவிடு வச்சிருவாகடா” என்று அவள்தான் சொன்னாள். சொன்னதும் நினைவிருந்தது, அவன் முகம் சுண்டியதும் நினைவிருந்தது. எந்தக் குரலைக் கேட்டுச் சொன்னாளோ அந்தக் குரல்தான் நினைவில் இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. திருவிழா முடிந்து அவன் கேசட்டைக் கொண்டுவந்து வீட்டில் போட்டுக் காட்டினான். அவள் காய்கறி நறுக்கியபடி, “கொரலு நல்லாத் தெரண்டு வந்திருக்குடா” என்றாள். அவன் உதட்டை மடித்துச் சிரித்துக்கொண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டான். அவனை அவள் பாராட்டியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அதுவும் தொய்ந்த பெல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“கேட்டீகளா!” தங்கப்பாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “அவனே இருக்கட்டும்னுட்டான். பெறகென்ன பேச்சு? கடுதாசியில கெடக்கிற ரெண்டாவதுல கையெழுத்தப் போடுங்கக்கா.”

கடிதத்தோடு ஓர் உறுதிமொழித் தாள் இருந்தது. அதில் இரண்டு வாசகங்கள் அச்சிட்டிருந்தன. ‘என் நினைவின்படி, இந்த இசைத்தட்டில் ஒலிப்பதே என் சகோதரரின் இயல்பான குரல்’ என்பது முதலாவது. ‘என் நினைவின்படி, பழைய கேசட்டில் ஒலிப்பதே என் சகோதரரின் இயல்பான குரல்’ என்பது இரண்டாவது. இரண்டாவதைத் தேர்ந்தால் மூலநாடாவின் வேகத்தைக் குறைத்து அச்சிடுவதாகவும், எதைத் தேர்ந்தாலும் இனி அந்தக் குரல் ஒன்றே வெளிவரும் என்றும் நிறுவனம் எழுதியிருந்தது.

“அவரு ஆசைப்பட்டது வேற, அவருக்கு இருந்தது வேறண்ணே,” என்றாள் மகாலட்சுமி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

“செத்தவன் ஆசைக்கு ஒரு மரியாத இல்லையா?”

“மாமா,” என்று அனுசுயா சின்னச்சாமியை அழைத்தாள். அலுவலகத்தில் மனுதாரரிடம் பேசும் குரல் அது. “அந்த செட்டு மெதுவா ஓடுனத நீங்க ஒங்க கண்ணால பாத்தீகளா?”

“பாத்தேன் தாயி.”

“மதுரையில பதிஞ்ச நாடா நல்லாத்தான் இருந்துச்சா?”

“சுத்தமா இருந்துச்சு. அவன் பேசுனா எப்பிடியோ அப்பிடியே இருந்துச்சு.”

“அவன் பேசுறது ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

கிழவர் சிறிது யோசித்தார். “இருக்கு தாயி,” என்றார். “இப்பக் கேட்டமே, அதுதேன்.”

அனுசுயாவுக்கு அவர்மேல் பொறாமை வந்தது. கடைக்காரருக்கு நினைவிருக்கிறது.

அவள் பேனாவைத் திறந்தாள். இரண்டாவது வாசகத்தின் மேல், ஒரு குறுக்குக்கோடு இழுத்தாள். தங்கப்பாண்டி மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டது. பிறகு முதல் வாசகத்துக்கு வந்து, ‘என் நினைவின்படி’ என்ற இரண்டு சொற்களையும் அடித்தாள். அடித்த இடத்துக்கு நேரே, ஓரத்தில், சுருக்கொப்பம் இட்டாள். கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் எழுதினாள்.

“அத ஏன்க்கா அடிச்சீக?” என்று மகாலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

“அது உண்மையில்ல,” என்றாள் அனுசுயா.

தாளை மடித்து உறையில் இட்டு, இசைத்தட்டுகளை வந்தபடியே அடுக்கி, புத்தகத்தின் அட்டைப்படம் உட்பக்கம் இருக்குமாறு வைத்துப் பெட்டியை மூடினாள். அவள் எழுந்தபோது தங்கப்பாண்டி வழியை மறிக்கவில்லை, விலகவும் இல்லை.

“அவன் ஒங்களுக்காகத்தானக்கா மாத்த வேணாம்னான்,” என்றான். “ஒங்களுக்காக வச்சிட்டுப் போனத நீங்களே அடிச்சுப்புட்டீகளே.”

அனுசுயா அவனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். படிக்கட்டில் பாதி இறங்கியபோது, மேலே பிளாஸ்டிக் மூடி ஒன்று திறந்து மூடும் ஓசையும், பொத்தானை அழுத்தும் ஓசையும் கேட்டன. தங்கப்பாண்டி தன் பழைய கேசட்டைப் போட்டுவிட்டான்.

டிரம் அதிர்ந்தது. குரல் வந்தது, ஆண்டுதோறும் அவள் விளக்கேற்றி வைத்துக் கேட்ட அதே கனத்த குரல். அனுசுயா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தது. மூச்சு விடும் இடங்களில் மூச்சு நீண்டது. பாட்டுக்கு அடியில், எங்கோ, ஒரு ரப்பர் பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. இதுவரை அவள் காதில் ஒருநாளும் விழாதது, இப்போது அது மட்டுமே விழுந்தது.

இரண்டாம் அடி தொடங்கும்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு மீதிப் படிகளை இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள்.