இல்லாத இடத்தில் நின்றவர்

"எந்த விங்?" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் இரண்டாவது தடவையும் கேட்டாள்.

அதுதானே பிரசாந்தினிக்குத் தெரியவில்லை. காலில் வீட்டுச் செருப்பு, விரலிடுக்கில் துருவிய தேங்காய்ப்பூ, மூச்சு வேறு மேலும் கீழும் வாங்கியது. லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிட நடை. அதை ஆறு நிமிடத்தில் ஓடி வந்திருந்தாள். வந்தென்ன, அந்தக் கோதாரி விழுந்த ஆஸ்பத்திரியில் நாலு விங் இருந்தது.

கணவனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சிவதர்ஷன், வயது நாற்பத்தாறு. அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவரும் இன்றைக்கு வரவில்லை என்றாள். வராமல் எங்கே போவார்? இப்போதுதானே அவருடைய விளையாட்டுக் கழகத்து அர்ஜுன் போன் எடுத்தான். "அக்கா, சிவா அண்ணா விழுந்துட்டார். விங்ல இருக்கார். ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. சீக்கிரம் வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். விழுந்தார், ஆம்புலன்ஸ், விங். ஆஸ்பத்திரிதான் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே.

முதலாவது விங்கில் குழந்தைகள். இரண்டாவதில் அவளை உள்ளே விடவில்லை. மூன்றாவதில் ஒரு தாதி அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்கப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற நேரமா இது? திருப்பித் திருப்பி அர்ஜுனுக்கு அடித்தாள். அவன் எடுக்கவில்லை. நாலாவது விங்கின் வாசலில் நிற்கும்போது அவனிடமிருந்தே அழைப்பு வந்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"இஞ்சை ஆஸ்பத்திரியிலதான். எந்த விங் எண்டு சொல்லித் துலையும் தம்பி!"

மறுபக்கத்தில் காற்று இரைந்தது.

"அக்கா... நான் கிரவுண்ட் விங்கச் சொன்னேன். அண்ணா விளையாடுற இடம். இன்னும் இங்கதான் இருக்கார்."

'இன்னும்' என்றானே. ஆம்புலன்ஸ் வந்து முக்கால் மணித்தியாலம். இன்னும் ஏன் ஒரு மனுசனைப் புல்லிலே வைத்திருக்கிறார்கள்? அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவள் அதை நினைக்க மறுத்து, ரோட்டுக்கு ஓடி டாக்சியை மறித்தாள்.

அந்த விளையாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஆஸ்திரேலியாக்காரருடைய ஃபுட்போல். சிவதர்ஷன் பன்னிரண்டு வயதில் சித்தப்பாவோடு மெல்போர்ன் போனவர். ஆங்கிலம் தெரியாத ஒல்லிக்கால் பொடியனை எங்கே விடுவதென்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் மைதானத்தின் ஓரத்துக்கு அனுப்பினார்கள். அதுதான் விங். நடுவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மற்றவர்கள் பந்துக்குப் பின்னால் முட்டி மோதுவார்கள். விங்கில் நிற்பவர் கோட்டோரமாக, பந்து எப்போது வெளியே வரும் என்று காத்துக்கொண்டு நிற்பார். தனியே என்றும் சொல்ல முடியாது. எதிர் அணியின் விங்கும் பக்கத்திலேயே, தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பார்.

"அந்த நாட்டில என்னோட முதல் கதைச்சவனே எதிராளிதான்," என்று சிவதர்ஷன் அடிக்கடி சொல்வார். "விங்கில நிக்கிறவனுக்கு அவன்தான் சொந்தக்காரன்."

கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்த பிறகும் அந்த விசர் அவரை விடவில்லை. இங்கே இருக்கும் ஆஸ்திரேலியாக்காரர் நடத்தும் சின்னக் கழகம் ஒன்றில் சனிக்கிழமை தவறாமல் போய் நிற்பார். இந்த வருசம் அதற்குக் கோச்சாக வந்தவன் அர்ஜுன். சென்னைப் பொடியன், மெல்போர்னில் படித்தவன், கெட்டிக்காரன். அவர் விழுந்ததற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தினான். திரையில் மஞ்சள் புள்ளிகள் ஓடின.

"இதப் பாருங்கண்ணா. இவன்தான் விங்கர். இப்ப பின்னால போய்த் தடுக்கிறான். இப்ப முன்னால கோல் பக்கத்துல. எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஓடுறாங்க. விங்குன்னு ஒரு இடமே இப்ப கிடையாது. பேரு மட்டும்தான் மிச்சம்."

"நடுவில பந்தைக் குத்தி எழுப்பேக்குள்ள ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர் நிக்கோணும் எண்டு சட்டம் இருக்கெல்லோ?"

"ஆமா, அந்த ஒரு செகண்ட் நிக்கணும்."

"அப்ப இடம் இருக்கு," என்றார் சிவதர்ஷன், இன்னொரு இடியப்பத்தை எடுத்துக்கொண்டு.

மகள் லக்‌ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். பிரசாந்தினியும் சிரித்தாள். சும்மா சிரித்ததோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை காலை அவர் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது, தேங்காய் துருவிக்கொண்டே நாக்கைச் சும்மா வைத்திருக்க மாட்டாமல் சொன்னாள்: "இல்லாத இடத்துக்கு வெளிக்கிட்டாச்சோ? போய் வடிவா நில்லுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். பத்தொன்பது வருசக் குடித்தனத்தின் கடைசிப் பேச்சு அது.

டாக்சி மைதானத்தை அடைந்தபோது ஆம்புலன்ஸ்காரர் தங்கள் சாமான்களைப் பைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணிக்காரரும் வட்டமாக, முதுகைக் காட்டி, மழைக் கோட்டுகளை விரித்துப் பிடித்தபடி மறைப்பாக நின்றார்கள். அவளைக் கண்டதும் வழி விட்டார்கள். புல்லில் கீறிய வெள்ளைக் கோட்டுக்கு ஓரமாகச் சாம்பல் நிறப் போர்வை. அதற்கு வெளியே இரண்டு கால்கள். ஒரு சொக்ஸ் கணுக்கால்வரை இறங்கிக் கிடந்தது.

ஐயோ என்று கத்துவாள், மார்பில் அடித்து விழுவாள் என்றெல்லாம் பார்த்து இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கக் கிட்ட வந்தார்கள். அவள் குந்தியிருந்து அந்தச் சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டு, மேல் விளிம்பைக் கவனமாக மடித்தாள். கால் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டில் அவளுக்கு எல்லாமே பொய் என்று பட்டது.

"ஆர் தம்பி பக்கத்தில நிண்டது?" என்று கேட்டாள்.

"பந்து அந்தக் கடைசியில இருந்துச்சுக்கா. நாங்க எல்லாரும் அங்க ஓடிட்டோம். திரும்பிப் பாக்கும்போது..." அர்ஜுன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். மிச்சத்தைக் கேட்க அவளுக்கு அன்றைக்கும் துணிவு வரவில்லை, பிறகும் வரவில்லை.

திடீர் மரணம் என்பதால், மரண விசாரணை செய்யும் கொறோனர் உடலைக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் எடுத்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு நிறைய ஆட்கள், கோப்பை கோப்பையாகத் தேத்தண்ணி, எப்படி நடந்தது என்ற ஒரே கேள்வி. வெம்பிளியில் இருக்கும் சிவதர்ஷனின் ஒன்றுவிட்ட அண்ணன் சண்முகராசாவும் மனைவி சுசிலாவும் ஒவ்வொரு நாளும் வந்து எல்லாம் பார்த்தார்கள். நல்ல சனங்கள்தான். ஆனால் சுசிலாவின் வாய் இருக்கிறதே!

"பாவம், ஒரு சொட்டுத் தண்ணி வாயில விட ஆளில்லாமல் மோசம் போயிட்டார். நீயும் பிழையான இடத்துக்குப் போயிட்டாய். ஆரைக் குத்தம் சொல்லுறது, எல்லாம் விதி."

குற்றம் சொல்லவில்லையாம். அவர் தனியே போனாரா? அந்த ஒன்றுதான் பிரசாந்தினிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் நாலு விங்கிலும் நாயாய்ப் பேயாய் அலைந்த நேரத்தில், அந்த மனுசன் கோட்டோரத்தில் ஒருத்தரும் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரா? கிடந்து தன்னைத் தேடினாரா? சோற்றில் கை வைத்தால் அது வந்தது. கண்ணை மூடினால் அதுவே வந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை.

செத்தவீட்டன்று மண்டபத்தில் கிரியைகள் முடிந்து, ஆட்கள் வரிசையாக வந்து பெட்டியைச் சுற்றிப் போனார்கள். பிரசாந்தினி தலைமாட்டில் கதிரையில் இருந்தாள். வரிசையின் கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், மொட்டைத் தலை, இறுக்கமான கறுப்புக் கோட்டு, ஒரு காலை இழுத்து நடந்து வந்தார். கழற்றிய சப்பாத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் தூக்கி வைத்திருந்தார். லக்‌ஷிகாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிரசாந்தினிக்கு ஆங்கிலம் தெரியாததல்ல. அன்றைக்கு எந்த மொழியும் அவள் காதுக்குள் ஏறவில்லை.

"அம்மா," என்றாள் லக்‌ஷிகா. பதினாலு வயது முகம் அழுது வீங்கியிருந்தது. "இவர் கிளென். மற்ற டீம். அப்பாவோட விங்கில நிண்டவர் இவர்தானாம்."

பிரசாந்தினி நிமிர்ந்தாள்.

"பந்து அங்கால போக எல்லாரும் ஓடிட்டினமாம். அப்பாவும் இவரும் மட்டும் ஓடேல்லையாம். அவைக்கு வயசாம், முழங்கால் நோவாம். நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தவையாம்." லக்‌ஷிகா மூக்கை உறிஞ்சினாள். "நாங்கள் நிக்கிற இடம் இல்லாத இடமாம், என்ட வைஃப் காலமை சொன்னவா எண்டு அப்பா சொன்னவராம். ரெண்டு பேரும் சிரிச்சவையாம். சிரிக்கேக்குள்ள அப்பா இவர்ட தோளில சாய்ஞ்சவராம். விளையாட்டுக்குத் தள்ளுறாரெண்டு நினைச்சு இவரும் திருப்பித் தள்ளினவராம். பிறகுதான்... பிறகுதான் பாரம் தெரிஞ்சதாம்."

கிளென் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"கீழ விழ விடேல்லையாம் அம்மா. பிடிச்சு மெல்லக் கிடத்தினவராம். ஆம்புலன்ஸ் வருமட்டும் இவர்ட மடியிலதான் அப்பாட தலை. நீங்கள் வரேக்குள்ள இவர் சேஞ்சிங் ரூமுக்குள்ள இருந்தவராம். உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்ததாம். தள்ளினதுக்கு மன்னிப்புக் கேக்கிறார்."

சிரித்தாராம். அவள் சொன்னதைச் சொல்லிச் சிரித்தாராம். பன்னிரண்டு நாளாக வராத அழுகை வந்து, மண்டபமே திரும்பிப் பார்க்கப் பிரசாந்தினி ஓவென்று அழுதாள். சுசிலா ஓடி வந்து அணைத்தாள். நேரம் போகிறது என்று ஐயர் மெல்லச் செருமினார்.

பெட்டியை மூடினார்கள். சண்முகராசா ஆறு பேரை இரண்டு பக்கமும் நிறுத்தினார். இடப்பக்கத்தில் நடுவில் அர்ஜுன். கிளென் சுவரோரமாக ஒதுங்கி, கையில் சப்பாத்தோடு நின்றார்.

"அண்ணை," என்றாள் பிரசாந்தினி. "அவரும் தோள் குடுக்கட்டும்."

"ஆர், அந்த வெள்ளைக்காரனோ? ஆறு பேரும் சரி பிள்ளை. இனி இடமில்லை."

"இடம் இருக்கு."

சண்முகராசா அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அர்ஜுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு அடி பின்னால் எடுத்து வைத்தான். கிளென் சப்பாத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டு, காலை இழுத்து வந்து அந்த இடத்தில் குனிந்தார்.

தூக்கியபோது பெட்டி அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அவர் தள்ளவில்லை. தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தார்.