மடியில் வந்த சீட்டு

தளவாய் பெரிய சந்தேகப் பிராணி. கடையில் உப்பு வாங்கினால் படியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் அளக்க விடுவான். வாய்க்காலில் தண்ணீர் முறை மாறும்போது, யார் நேரம் சொன்னாலும் நம்பாமல் தன் நிழலைத் தானே அடிவைத்து அளப்பான். "பொண்ணு பார்க்க மூணு தரம் வந்து, காட்டுன பொண்ணு இவதானான்னு கேட்டுட்டுப் போன ஆளுல்லா நீங்க" என்று அவன் மனைவி மாடத்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் ஓட்டு வந்து சேர்ந்தது. இலஞ்சிப் பக்கம் பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு உழுத எட்டுப் பேரின் பெயரும் ஓட்டர் ஜாபிதாவில் ஏறியிருந்தது. நிற்கிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி; பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பச்சைப் பெட்டிக்குப் பண்ணையாரின் மைத்துனர் நின்றார். மஞ்சள் பெட்டிக்குத் தென்காசி வக்கீல் ஆறுமுகநயினார். வக்கீல் தெருத்தெருவாக வந்து பேசினார். மெட்ராஸில் சட்டசபை கூடுமாம்; நாம் அனுப்பும் ஆட்கள் அங்கே கை தூக்கினால்தான் சட்டமாகுமாம். குத்தகைக்காரனை நினைத்தபடி நிலத்தை விட்டு இறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் கேட்கப்போவதாகச் சொன்னார். தளவாய்க்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

பண்ணையின் காரியஸ்தர் காந்திமதிநாதன் எட்டுப் பேரையும் களத்துக்கு வரச்சொன்னார்.

"ஏலே, ஓட்டு ரகசியம்னு எவனாவது சொன்னா நம்பிராதீங்க. சீட்டுல நம்பர் உண்டு. சாவடியில குமாஸ்தா அதை உங்க பேரோட சேர்த்து எழுதி வச்சுக்கிடுதான். பெட்டியைத் திறக்கையில நானும் பக்கத்துலதான் இருப்பேன். எவன் சீட்டு பச்சையில இல்லையோ, அவன் பிசான நெல்லு அறுத்த கையோட நிலத்தை விட்டு இறங்கிரணும்."

ஓட்டுச் சாவடி குற்றாலத்தில் ஒரு சத்திரம். சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூவி அழைக்கும் வாசலில் அன்று போலீஸ்காரர் நின்றார். அருவி நூலாய் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே தாலுகா அதிகாரி ஒருவர் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"மறைப்புக்குள்ளே போய் உனக்குப் பிடித்த பெட்டியில் போடு. எதில் போட்டாய் என்று கவர்னர் துரைக்குக்கூடத் தெரியாது."

கேட்காமலே இந்த மனுஷன் ஏன் இதைச் சொல்கிறார் என்று தளவாய் யோசித்தான். அதற்குள் பக்கத்திலிருந்த குமாஸ்தா ஏதோ ஒரு நம்பரை எழுதுவது கண்ணில் பட்டுவிட்டது. எதிர் பெஞ்சில் பச்சைப் பெட்டியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த காரியஸ்தர் ஜாபிதாவை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

மறைப்புக்குள் இரண்டு பெட்டிகள். தளவாய் குனிந்து மேஜைக்கு அடியில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தான். பெட்டிகளின் அடியைத் தட்டிப் பார்த்தான். மஞ்சள் பெட்டியிடம் போன கை, நம்பர் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது. பச்சையில் போட மனசு வரவில்லை.

"என்னப்பா, உள்ளே தூங்கிட்டியா?" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

சட்டென்று சீட்டை மடித்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு வெளியே வந்தான். கவர்னரையும் காரியஸ்தரையும் ஒரே சமயத்தில் ஏமாற்றிவிட்ட பெருமை அவனுக்கு. வீடு வரைக்கும்தான் அது தாங்கியது.

"அது சரி, பச்சையில உங்க சீட்டு இல்லேன்னா மஞ்சள்ல போட்டுட்டீயன்னுதானே அவரு நினைப்பாரு?" என்றாள் மாடத்தி.

இதை அவன் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. வீட்டில் வைத்தால் எலி கடிக்கும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சீட்டை வாழைச்சருகில் பொதிந்து இடுப்பிலேயே வைத்திருந்தான்.

வக்கீல் ஜெயித்துவிட்டார். மூன்றாம் நாள் காரியஸ்தர் மறுபடி களத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பெட்டியைத் திறந்தப்போ ஒவ்வொரு சீட்டா பார்த்தேன். துரோகி யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார் காரியஸ்தர். "தளவாய்!"

"ஐயா..."

"நீ நன்றியுள்ளவன்லே. உன் சீட்டு பச்சைப் பெட்டியிலதான் கெடந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு மெதுவாகக் கை இடுப்புக்குப் போனது. சருகு அங்கேதான் இருந்தது.

"நல்லகண்ணு! உன் சீட்டு மஞ்சள்ல கெடந்துச்சு. அறுத்ததும் நிலத்தை விட்டிரு."

நல்லகண்ணுவின் வயல், தண்ணீர் முதலில் பாயும் வாய்க்கால் தலைமடையில் இருந்தது. அதன்மேல் காரியஸ்தரின் மருமகனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண் என்பது ஊரறிந்த விஷயம்.

"ஐயா, என் பிள்ளைமேல சத்தியமா பச்சையிலதான் போட்டேன்!" என்று நல்லகண்ணு தரையில் விழுந்து அழுதான்.

தளவாய்க்கும் நல்லகண்ணுவுக்கும் ஆகாது. தண்ணீர் முறையில் இரண்டு தரம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் தன் நிலம் பத்திரம் என்று தளவாய்க்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது இந்தப் பொய்க்கா? உப்புப் படியைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறவன், இவர் சொன்னதை மட்டும் ஏன் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்?

"ஐயா, என் சீட்டைப் பச்சையில பார்த்தீயளா?"

"பார்த்தேன்னு சொல்லுதேன்லா."

"நம்பரும் சரியா இருந்துச்சா?"

"அதையும் பார்த்துட்டேன். அதுக்கென்னலே இப்போ?"

தளவாய் இடுப்பிலிருந்து பொதியை எடுத்துப் பிரித்தான். சர்க்கார் முத்திரையோடு சீட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான்.

"இது என்னலே?"

"நீங்க பச்சைப் பெட்டிக்குள்ள பார்த்த சீட்டு, ஐயா."

மற்ற ஏழு பேரும் பயந்துகொண்டு பச்சையில் போட்டவர்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரியஸ்தர் சீட்டைப் பிடுங்க எட்டினார். அதற்குள் நல்லகண்ணு எழுந்து தளவாய்க்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். காரியஸ்தரின் கை இறங்கிவிட்டது.

தளவாய் சீட்டைத் திரும்பவும் சருகில் மடித்தான். அன்றைக்குச் சத்திரத்தில் உண்மை பேசியது அந்தத் தாலுகா அதிகாரி ஒருவர்தான். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மஞ்சள் பெட்டிக்கு மேலே தன் கை நின்ற இடம் ஞாபகம் வந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.