சாக்குச் செடியில் காய்த்தது

இந்தக் காலத்து ஆட்கள் எவரும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்பது வெங்கடப்பனின் தீராத முணுமுணுப்பு. அதற்கு அவர் காட்டும் சாட்சி, மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் பக்கத்து அறையில் குடியிருக்கும் பூபதி. மதுரைப் பக்கத்து ஆள், கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். மொட்டை மாடியில் பத்து சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு வைத்திருந்தான். ஊட்டி மச்சான் கொடுத்த விதைக்கிழங்காம். கருகல் நோய் தாங்குமாம், மருந்தே அடிக்க வேண்டாமாம், மண்ணும் கெடாதாம்.

ஜவளகிரியில் இருபது வருஷம் அடுத்தவர் உருளைக் காட்டில் முதுகில் டப்பா கட்டி மருந்தடித்தவர் வெங்கடப்பன். மருந்தில்லாமல் தப்பிய செடியை அவர் கண்டதில்லை. காய் பிடிக்கும் வரை நின்ற செடியையும் கண்டதில்லை. அதற்குள் கருகிவிடும், இல்லையென்றால் பிடுங்கிவிடுவார்கள். அதனால் பூபதியின் செடிகளில் பச்சைப் பச்சையாக உருண்டைக் காய்கள் கொத்தாகத் தொங்கியதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது தக்காளி, இலையும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தானே. எவனும் பறித்துவிடக் கூடாதென்று உருளை என்று கதை விடுகிறான்.

பூபதி முதல் ஷிப்டுக்குப் போனபின் இரண்டு கை நிறையப் பறித்து மடியில் கட்டி இறங்கினார். எங்கே வாங்கினது என்று மனைவி சாந்தம்மா கேட்டதற்கு, சந்தையில் என்றார்.

அவள் காய்களை வதக்கி, மிளகாய் வைத்து அரைத்தாள். மத்தியானம் களி உருண்டையோடு தட்டில் வைத்தாள். வெங்கடப்பன் விரலில் தொட்டு நக்கிவிட்டு, வெளியே போய்த் துப்பினார். அத்தனை கசப்பு. கொட்டிவிடச் சொன்னார்.

"கசந்தா இன்னா? களிய எவ மென்னு தின்றா?" என்றாள் சாந்தம்மா. அரைத்ததை வீணாக்குவது அவளுக்கு ஆகாது. உருண்டை உருண்டையாகத் தோய்த்து விழுங்கி, கிண்ணத்தையும் வழித்துவிட்டாள்.

நாலு மணிக்கு வயிறு முறுக்குகிறது என்று சுருண்டாள். இரண்டு தடவை வாந்தி. தொண்டை எரிகிறது என்றாள். வெங்கடப்பன் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தபோது, மாடியில் இருந்து பூபதி இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தாத்தா, செடியில காய யாரோ பறிச்சிருக்காக. அது வெசம். சின்னப் பிள்ளைக எதுவும் தின்னுருச்சான்னு வீடு வீடாக் கேட்டுட்டு வாரேன்."

தனக்கு ஒன்றும் தெரியாது என்று வெங்கடப்பனின் வாய் சொல்லிவிட்டது. திருடன் என்பார்கள், போலீஸ் வரும் என்று நினைத்தார். பூபதி அடுத்த வாசலுக்குப் போனான். உள்ளே சாந்தம்மா கூப்பிட்டாள். கையைத் தொட்டால் சில்லென்று வேர்த்திருந்தது. கண் எங்கோ நின்றது. சொல்லாமல் விட்டால் டாக்டர் எதற்கென்று மருந்து கொடுப்பார்? வாசலுக்கு ஓடினார்.

"பூபதி, நாந்தான் பறிச்சேன். அவ தின்னுட்டா."

பூபதி மாடிக்கு ஓடி, காயோடு ஒரு கொப்பை ஒடித்துவந்து ஆட்டோவை நிறுத்தினான். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் சாந்தம்மாவின் தலை வெங்கடப்பன் தோளில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சந்தையில வாங்கனதுன்னீங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

ஆஸ்பத்திரியில் கொப்பைப் பார்த்ததும் டாக்டர் சட்டென்று எழுந்தார். குழாய் விட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். நாளைக் காலை வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். வெங்கடப்பன் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டிலில் சொட்டு நின்றால் அவருக்கும் நெஞ்சு நின்றது.

மூன்றாம் நாள் சாந்தம்மா வீடு திரும்பினாள்.

அடுத்த மாதம் பூபதி ஒரு சாக்கைக் கவிழ்த்தான். வெள்ளையாக, முஷ்டி முஷ்டியாகக் கிழங்கு. வேகவைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்து, முதல் துண்டை அவர்கள் எதிரிலேயே தின்றான். காய்தான் ஆகாது, தோலில் பச்சை படியாத கிழங்கு சோறு மாதிரி என்று டாக்டரே சொன்னதை நினைவுபடுத்தினான்.

"மேல வெசம், கீழ சோறா?" என்றார் வெங்கடப்பன். "ஒரே தண்டுதானப்பா."

பூபதி பதில் சொல்வதற்குள் சாந்தம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இந்த முறை நன்றாக மென்றாள். ருசியாகத்தான் இருக்கிறது, நீங்களும் ஒரு துண்டு தின்னுங்கள் என்றாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே வெங்கடப்பன் பார்த்தார். கிழங்கைத் தொடாமலே, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, சிப்காட் ரோட்டைப் பார்த்து நடந்தார்.