பாதிக் குளிர்

விடியுமுன்பே மொட்டைமாடித் தகடு சுட்டது. ஏப்ரலில் ஹோண்டுராசின் சான் பெத்ரோ சூலாவில் கோழி அவித்த முட்டையே இடும். நம்பாதவர்கள் உப்போடு வரலாம்.

தையல் ஆலையின் மெக்கானிக் எவேலியோ பாகுவாதா சில்லரின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தான். தண்ணீரைக் குளிரவைத்து மாடிகளுக்கு அனுப்பும் எந்திரம் அது. அதற்கு இரண்டு கம்ப்ரசர்கள். ஒன்று கருகிவிட்டது. மற்றது பத்து நிமிஷம் ஓடும், அழுத்தம் ஏறும், தானே நின்றுகொள்ளும்.

சூட்டை வெளியே தள்ளும் தகடுகளைத் தடவிப் பார்த்தான். கம்பளிபோல் பஞ்சுத்தூசு. பிடுங்கியதை நூற்றிருந்தால் ஆலை முழுவதற்கும் ஆளுக்கொரு சட்டை தேறியிருக்கும். கழுவ ஆள் வேண்டுமென்று எட்டு மாதமாகக் கேட்டுவந்தான். "இந்தக் கப்பல் போகட்டும்" என்பார் முதலாளி தோன் அமில்கார்; 'தோன்' என்றால் அங்கே 'ஐயா'. எட்டு மாதத்தில் ஹோண்டுராசையே இரண்டு தடவை ஏற்றியனுப்பும் அளவுக்குக் கப்பல்கள் போய்விட்டன.

முதல் கம்ப்ரசரைக் கொன்றது எவேலியோவின் கைதான். அதுவும் இப்படித்தான் நின்று நின்று போனது. முதலாளி சொன்னார் என்று அழுத்தம் ஏறினால் நிறுத்தும் காவல் சுவிட்சின் குறுக்கே ஒரு வயரைப் போட்டான். பிறகு அதற்கு நிற்கத் தெரியவில்லை, எரியும்வரை ஓடியது. முந்தாநாள் வெக்கையில் மூன்றாம் மாடித் தையல்காரி தெனியா மயங்கி மெஷின்மேல் சாய்ந்தாள். ஊசி இரண்டு விரல்களைத் துளைத்துப் போனது.

தகடுகளைக் கழுவினான். செத்த பக்கத்து விசிறி மோட்டாரைக் கழற்றி உயிருள்ள பக்கத்தில் மாட்டினான். அரை மணி ஓடியது, நிற்கவில்லை. குழாய் வியர்த்தது. அந்தக் கட்டடத்தில் வியர்த்தால் நல்லது என்றிருந்த ஒரே பொருள் அதுதான்.

தோன் அமில்கார் சென்ட் வாசனையோடு மேலே வந்தார்.

"குளிரு வந்துருச்சா?"

"பாதிதான், தோன். ஒரு மாடிக்குத்தான் பத்தும்."

"அப்ப அஞ்சாவது. பத்து மணிக்குத் துணி வாங்குறவங்க வர்றாங்க. மூணாவதை மூடு."

"மூணாவதுல நூத்தி நாப்பது பேரு தைக்கிறாங்க."

"பாவமா இருக்கா? ரெண்டையும் திற. பழையபடி வயரைப் போடு."

"இதுவும் எரிஞ்சிரும். போடமாட்டேன்."

"அன்னைக்குப் போட்டுட்டு 'எல்லாம் சரி'ன்னு கையெழுத்து வச்சது யாரு, நானா? எந்திரத்தை எரிச்சவன் நீ. வாயைத் திறந்தா வேலையும் போகும், வழக்கும் வரும்."

எவேலியோ மூன்றாம் மாடி வால்வை மூடினான். ஐந்தாம் மாடி ஆபீஸில் சீக்கிரமே காகிதப் பூவுக்குக்கூடச் சளி பிடித்ததாகப் பேச்சு.

பிறகு மூன்றாம் மாடிக்கு இறங்கினான். மெஷின்கள் அலறிக்கொண்டிருந்தன. கட்டுப்போட்ட கையோடு தெனியாவும் தைத்துக்கொண்டிருந்தாள். வராவிட்டால் கூலி கிடையாது. வயர், கையெழுத்து, இப்போது மூடிய வால்வு, மூன்றையும் ஒளிக்காமல் சொன்னான்.

வரிசையில் மூத்தவள் மிர்தாலா மெஷினை நிறுத்தினாள்.

"அட பெரிய மனுஷா, எங்களை அவிச்சுட்டு வெந்துருச்சான்னு பாக்க வந்தியா?"

"திட்டுக்கா. வாங்கிக்கிறேன்."

"திட்டுறது சாயங்காலம். குளிரு இப்ப எங்க இருக்கு?"

"அஞ்சாவதுல."

"அப்ப நமக்கு அங்கதான் வேலை. ஸ்டூலைத் தூக்குங்கடி!"

ஒவ்வொரு மெஷினாக வாயை மூடியது. நூற்று நாற்பது ஸ்டூல்கள் படியேறின. அப்போது கட்டடமே இரண்டு விரற்கடை சாய்ந்தது; அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் மாடியில் கணக்கு எழுதும் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு தன் நாற்காலியைத் தெனியாவுக்குத் தள்ளிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன இது சந்தையா?" தோன் அமில்கார் கத்தினார்.

"தெனியா கைக்கு வைத்தியம், விடுப்புக்குக் கூலி, எங்க மாடிக்குக் குளிரு," என்றாள் மிர்தாலா. "அதுவரைக்கும் இங்கதான் இருக்கோம். நல்லாருக்கு, தோன். உடம்பெல்லாம் சிலுசிலுங்குது."

"எவேலியோ! மேல போய் எந்திரத்தை நிறுத்து!"

"நிறுத்துனா வர்றவங்களுக்கும் வேர்க்கும், தோன்."

"உன் கையெழுத்து எங்கிட்ட இருக்கு, மறந்துடாத!"

"கையெழுத்து என்னுது. வயரைப் போடச் சொன்னது நீங்க. ரெண்டையும் வர்றவங்க முன்னாலயே சொல்றேன்."

மிர்தாலா தன் ஸ்டூலில் பாதியை அவனுக்கு விட்டாள். உட்கார்ந்தான்.

பத்து மணி. லிப்ட் விளக்கில் எண்கள் ஏறின. இரண்டு. மூன்று. தோன் அமில்கார் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். நான்கு.

கதவு திறந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.